புரதம் குறைந்தும் உப்பு ஏன் தங்குகிறது?

அன்புள்ள கயல்,

ரத்தத்தில் புரதம் குறைந்தால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக வெளியேற்றும் என்கிறது உன் உடலியங்கியல் பாடம். வார்டிலோ ரத்தத்தின் முக்கியப் புரதமான ஆல்புமின் டெசிலிட்டருக்கு 1.8 கிராமுக்கு இறங்கிய நோயாளி கால் வீங்கிக் கிடக்கிறார், சிறுநீரில் சோடியமே இல்லை. எது பொய் என்று கேட்டாய். இரண்டுமே மெய்தான் கண்ணு.

பாடத்தில் உள்ள கணக்கைப் பார். சிறுநீரகத்தில் ரத்தம் வடியும் குளோமெருலஸ் நுண்குழாயில் ரத்த அழுத்தம் சுமார் 60 மி.மீ. பாதரசம், அது நீரை வெளியே தள்ளுகிறது. வடிந்த நீரை ஏந்தும் பவுமன் கிண்ணம் 18 அளவுக்கு எதிர்க்கிறது. புரதங்கள் 32 அளவுக்கு நீரைப் பிடித்து வைக்கின்றன. மிச்சம் வெறும் 10. அந்தப் பத்தில்தான் ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகிறது! பிளாஸ்மாவில் ஐந்தில் ஒரு பங்கு வடிந்துவிடுவதால், மீந்த ரத்தத்தில் புரதம் செறிகிறது. அதே ரத்தம் அடுத்து, வடிநீர் ஓடும் சிறுகுழாயைச் சுற்றி ஓடி, வடிந்த உப்புநீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. சலைன் ஏற்றி ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்தால் வடிதல் கூடும், உறிஞ்சல் தளரும், சோடியம் வெளியே போகும்.

வார்டில் நீ பார்த்தது நெஃப்ராடிக் நோய், அதாவது சிறுநீரில் புரதம் ஏராளமாகக் கசியும் நோய். அதில் கதை வேறு. ஒரு நாளைக்கு 3.5 கிராமுக்கு மேல் கசியும் புரதத்தோடு பிளாஸ்மினோஜன் என்ற ரத்தப் புரதமும் கசிந்து, குழாய்க்குள் புரதத்தை வெட்டும் பிளாஸ்மினாகிறது. அது போன்ற நொதிகள், கடைசியில் வரும் சேகரிப்புக் குழாயின் சோடியம் வாயிலை வெட்டித் திறந்துவிடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. மேலே நழுவவிட்ட உப்பைக் கீழே வாரிக்கொள்கிறது சிறுநீரகம். ‘ரத்தக் கனஅளவு குறைந்து, உப்பைத் தேக்கவைக்கும் ரெனின் ஏறுகிறது’ என்ற பழைய விளக்கம் சிலருக்குத்தான் பொருந்தும். பிறவியிலேயே ஆல்புமின் இல்லாதவர்களுக்கு வீக்கம் லேசாகத்தான் இருக்கிறது. ஆல்புமின் குறைவு மட்டுமே காரணமென்றால் அவர்கள்தான் அதிகம் வீங்கவேண்டும், யோசித்துப் பார்.

சிறுநீர் பெருக்கி மருந்தான ஃபுரோசமைடு ஆல்புமினைப் பற்றிக்கொண்டுதான் சிறுநீரகம் போய்ச் சேரும். ஆல்புமின் இல்லையென்றால் வழக்கமான டோஸ் போதாது. குடலும் வீங்கியிருந்தால் மாத்திரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். உப்பு நாளைக்கு 5 கிராமைத் தாண்டினால் மருந்து கழித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். புரதத்தை அள்ளிச் சாப்பிடச் சொல்லாதே, கசிவுதான் கூடும்.

புரதக் கசிவை அளக்க 24 மணிநேரச் சிறுநீரைச் சேகரிக்கும்போது எல்லாரும் தப்பு செய்வது முதல் பாத்திரத்தில். காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு மணியைக் குறிக்கவேண்டும். மறுநாள் அதே மணிக்கு வருவதைச் சேர்க்கவேண்டும். தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவான கிரியாட்டினினையும் கூடவே அளக்க எழுதிக்கொடு. அது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்து வந்தால், நடுவில் ஒருமுறை சிறுநீர் கழிவறையில் போய்விட்டதா என்று கேட்டுப் பார்.

அப்பா