நானூறில் ஒரு கார், நாள்தோறும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் நீ கேட்டிருந்த கேள்விதான் நான்கு நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் நானூறே செய்யப்பட்ட ஒரு காரை அலுவலகத்துக்கும் கடைக்கும் ஓட்டித் தேய்ப்பது அந்தக் காருக்குச் செய்யும் அநியாயம் அல்லவா என்று கேட்டிருந்தாய். மூன்று ஆண்டு நாள்தோறும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இல்லை.

கோல்ஃப் காரின் வேகமான வகையான ஜிடிஐயின் நாற்பதாம் ஆண்டை ஒட்டி 2016-இல் ஃபோக்ஸ்வேகன் இந்தக் கோல்ஃப் ஜிடிஐ கிளப்ஸ்போர்ட் எஸ் காரை வெளியிட்டது. எடையைக் குறைப்பதற்காகப் பின் இருக்கையையும் ஒலித்தடுப்புப் பொருள்களில் ஒரு பகுதியையும் எடுத்துவிட்டு, 310 குதிரைத்திறனும் 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும் இரண்டு லிட்டர் டர்போ என்ஜினை ஆறு கியர் மேனுவல் பெட்டியோடு இணைத்தார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையின் வடக்குச் சுற்றை 7 நிமிடம் 49.21 விநாடியில் முடித்து, முன்சக்கர இயக்கக் கார்களில் அன்றைக்கு முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே ஹோண்டா சிவிக் டைப் ஆர் அந்தச் சாதனையை முறியடித்துவிட்டது. ஆனால் அந்தச் சுற்றுக்காகப் பொறியாளர்கள் செய்த ஒரு வேலை எனக்கு இன்றும் தினமும் பயன்படுகிறது.

அந்தச் சுற்று காட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஏறி இறங்கி வளையும் 20.8 கிலோமீட்டர் பாதை. சமதளமான பந்தயத் திடல் அன்று. அங்கே சஸ்பென்ஷன் இறுக்கமாக இருந்தால் கார் துள்ளும், துள்ளினால் சக்கரம் தரையை விடும், பிடியும் போய்விடும். ஆகவே என்ஜினை அதன் முழுக் கூர்மையில் வைத்துக்கொண்டு ஷாக் அப்சார்பர்களை மட்டும் மென்மையாக விடும் ஓர் அமைப்பை, ஓட்டுநரின் விருப்பத்துக்கென இருக்கும் 'இண்டிவிஜுவல்' முறையிலேயே முன்கூட்டிப் பதித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட தாரும் மேடு தட்டிய இணைப்புகளும் நிறைந்த சாலையில் நான் காலையில் தேர்ந்தெடுப்பதும் அதே அமைப்பைத்தான். பந்தயத்துக்காகக் கண்டுபிடித்த மென்மை அன்றாடச் சாலைக்கும் பொருந்தியிருக்கிறது என்பதை முதல் வாரத்திலேயே உணர்ந்தேன். இந்தக் காரின் மேல் எனக்கு மதிப்பு உண்டானது அப்போதுதான்.

குறைகளை மறைக்க மாட்டேன். காருடன் வந்த மிஷெலின் கப் 2 டயர், சூடேறிய உலர்ந்த சாலையில் பசைபோல் ஒட்டும். குளிரில் விறைத்துவிடும், தேங்கிய நீரில் மிதக்கப் பார்க்கும். முதல் ஆண்டு மழையில், தண்ணீருக்கு அடியில் மறைந்திருந்த ஒரு பள்ளத்தில் இறங்கி ரிம் வளைந்தது. 19 அங்குலச் சக்கரத்தில் அவ்வளவு மெல்லிய டயருக்கு அடி தாங்கும் சதை இல்லை. அதன்பிறகு 18 அங்குலச் சக்கரங்களில் மழைக்கும் குளிருக்கும் ஏற்ற டயர் மாட்டி ஓட்டுகிறேன். பழைய சக்கரங்களைக் கோடையில் மட்டுமே பூட்டுகிறேன். என்ஜினின் பெரும்பாலான உதிரிகள் சாதாரண ஜிடிஐக்கும் பொதுவானவை என்பதால் பராமரிப்பு கடினமில்லை. இதற்கென்றே செய்த பாகங்கள்தான் கவலை தருகின்றன. கதவுகள் இரண்டே என்பதால் அவை மிக நீளமானவை. எங்கே நிறுத்தினாலும் கடைசி மூலையைத் தேடிப் போகிறேன். தங்கையின் பிள்ளைகள் வந்தால் இதில் ஏற்ற இயலாது. அது எனக்கு வருத்தமே.

ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மேட்டில் ஏறும் ஒரு வலது வளைவு இருக்கிறது. இரண்டாம் கியரில் நுழைந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், முன்சக்கரக் கார்கள் வழக்கமாக மூக்கை வெளியே தள்ளும் அந்த இடத்தில், இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் பூட்டு, அதை வெளிச்சக்கரத்துக்கு அனுப்பிக் காரின் முகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சட்டப்படியான வேகத்திலேயே அதை ஸ்டீயரிங்கில் உணர முடிகிறது. எவ்வளவு களைத்த நாளாக இருந்தாலும் அந்த வளைவுக்காக நான் காத்திருக்கிறேன்.

நீ பார்த்து வைத்திருக்கும் கார், இத்தனை ஆண்டில் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தாய். எனக்கு அது அச்சம் தருகிறது. நின்ற காருக்கும் வயது ஏறும்: டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும், ரப்பர் அடைப்புகள் காயும், பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும், பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் உள்ள தேதிக் குறியீட்டின் நான்கு இலக்கங்களைப் படித்துப் பார். 3816 என்றிருந்தால் அது 2016-ஆம் ஆண்டின் 38-ஆம் வாரத்தில் செய்த டயர், அதன் வரிப்பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் அதை நம்பி ஓட்டாதே. எண்ணெயும் திரவங்களும் எந்தெந்த ஆண்டில் மாற்றப்பட்டன என்பதற்கு ரசீது கேள். ரசீது இல்லாத இரண்டாயிரத்தைவிட, ரசீதோடு கூடிய அறுபதாயிரம் கிலோமீட்டரையே நான் வாங்குவேன்.

ஓட ஓட விலை இறங்கும் என்பது உண்மைதான். அந்த இழப்பை நான் அறிந்தே ஏற்றுக்கொண்டேன். 1976-இல் முதல் ஜிடிஐயையும் ஐயாயிரம் மட்டும் செய்வதாகத்தான் திட்டமிட்டார்கள். வாங்கியவர்கள் அதை வாரம் முழுக்க ஓட்டியதால்தான் முதல் தலைமுறை மட்டுமே நான்கு லட்சத்தைத் தாண்டியது என்று நான் நம்புகிறேன்.

அடுத்த மாதம் நீ வரும்போது அந்த வளைவுக்கு நீயே ஓட்டிக்கொண்டு போ. எண்ணெய் எண்பது டிகிரியைத் தொடும்வரை என்ஜினை நிமிடத்துக்கு மூவாயிரம் சுழற்சிக்கு மேல் ஏற்றாதே. அதற்குப் பத்து நிமிடம் ஆகும், அதுவரை உன் செய்திகளைச் சொல்லிக்கொண்டு வா.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத்தோழன்