மியான்மர்: எரிபொருளை நிறுத்தாத கண்டனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மர் ராணுவம் தன் சொந்தக் குடிமக்கள்மீது குண்டு வீசிய செய்திகள் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் அவ்வப்போது வெளிவருகின்றன. அந்தச் செய்திகளின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது: ஐக்கிய நாடுகள் அவை ஆழ்ந்த கவலை தெரிவித்தது, இன்னின்ன நாடுகள் கண்டனம் தெரிவித்தன என்று அது முடிந்துவிடுகிறது. அந்தக் கவலையும் கண்டனமும் அதன்பின் என்ன ஆயின என்பதைப் பற்றியும், அதில் நம் நாட்டின் பங்கு என்ன என்பதைப் பற்றியும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2020 நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆங் சான் சூகியின் தேசிய ஜனநாயக லீக் பெருவெற்றி பெற்றது. புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1 அன்று விடிகாலையில் மின் ஆங் லைங் தலைமையிலான ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் ரயில்வே ஊழியர்களும் வேலையைப் புறக்கணித்துத் தெருவுக்கு வந்தார்கள். முதல் சில வாரங்களில் அவர்கள் கையில் பதாகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஐ.நா. தலையிட இன்னும் எத்தனை பிணங்கள் வேண்டும் என்று யாங்கூன் தெருக்களில் அவர்கள் பதாகை பிடித்ததை உலகமே படங்களில் பார்த்தது. 2005 ஆம் ஆண்டு உலக உச்சிமாநாட்டில், ஓர் அரசு தன் மக்களைக் காக்கத் தவறினால் அந்தப் பொறுப்பு உலக நாடுகளுடையது என்று ஒருமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்ததல்லவா? அந்த வாக்குறுதியை நம்பித்தான் அந்த இளைஞர்கள் கேட்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பதிலைக் காலவரிசையில் பார்ப்பது பயன் தரும். 2021 மார்ச் 27, அந்நாட்டின் ஆயுதப்படைகள் நாள். ஒருபுறம் தலைநகர் நேபிடாவில் ராணுவ அணிவகுப்பு நடந்துகொண்டிருந்தது. மறுபுறம் நாடெங்கும் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த அணிவகுப்பைப் பார்வையிட எட்டு நாடுகள் பிரதிநிதிகளை அனுப்பியிருந்தன. ரஷ்யா தன் பாதுகாப்புத் துணை அமைச்சரையே அனுப்பியது. சீனா, பாகிஸ்தான், வங்கதேசம், வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகியவற்றுடன் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை இன்று நினைத்தாலும் மனம் கசக்கிறது. அடுத்த மாதம், ஏப்ரல் 24 அன்று, ஜகார்த்தாவில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் தலைவர்கள் மின் ஆங் லைங்கையும் உடன் வைத்துக்கொண்டு ஐந்து அம்ச உடன்பாட்டை அறிவித்தார்கள். வன்முறையை உடனே நிறுத்த வேண்டும் என்பது அதன் முதல் அம்சம். ஊர் திரும்பியதும், நாட்டில் நிலைமை சீரான பிறகு அந்த யோசனைகளைப் பரிசீலிப்பதாக ராணுவத் தரப்பு கூறிவிட்டது. இதற்கு ஆசியான் விதித்த தண்டனை, உச்சிமாநாடுகளுக்கு அவரை அழைக்காமல் விட்டது மட்டுமே.

ஜூன் 18 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 119 நாடுகளின் ஆதரவுடன் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மியான்மருக்குள் ஆயுதங்கள் செல்வதைத் தடுக்குமாறு எல்லா நாடுகளையும் அது கேட்டுக்கொண்டது. பெலாரஸ் மட்டுமே எதிர்த்தது. வாக்களிக்காமல் ஒதுங்கிய 36 நாடுகளில் ரஷ்யா, சீனாவோடு இந்தியாவும் ஒன்று. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் மியான்மர் குறித்து ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற 2022 டிசம்பர் 21 வரை ஆயிற்று. அதற்கு முன் அந்த நாட்டின் பெயரில் கவுன்சில் நிறைவேற்றிய ஒரே தீர்மானம், 1948இல் அதை உறுப்பினராகச் சேர்க்கப் பரிந்துரைத்ததுதான். அந்த 2022 தீர்மானத்தில்கூட ஆயுதத் தடை இல்லை, பொருளாதாரத் தடை இல்லை. அப்படியிருந்தும் அப்போது கவுன்சிலின் தலைமைப் பொறுப்பில் இருந்த இந்தியா, அமைதியும் பொறுமையும் கொண்ட ராஜதந்திரமே இங்கு தேவை என்று சொல்லி, மீண்டும் சீனாவுடனும் ரஷ்யாவுடனும் சேர்ந்து வாக்களிக்காமல் விலகி நின்றது.

அந்தப் பொறுமையை ராணுவம் எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதற்கு ஒரே ஓர் ஊரைச் சொன்னால் போதும். 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியைச் சேர்ந்த பஸிஜி என்ற கிராமத்தில் மக்கள் கூடியிருந்த இடத்தில் போர் விமானம் குண்டு வீசியது. ஹெலிகாப்டர் ஒன்றும் வந்து சுட்டது. குழந்தைகள் உட்பட 160 பேருக்கும் மேல் இறந்தார்கள். தரையில் இடங்களை இழந்துகொண்டே வந்த ராணுவம் வானத்திலிருந்து தாக்குவதையே தன் முதன்மையான போர்முறையாக ஆக்கிக்கொண்டது. 2025 மார்ச் 28 அன்று மண்டலேயையும் சகாயிங்கையும் நிலநடுக்கம் சிதைத்துப் போட்ட பிறகும் விமானத் தாக்குதல்கள் ஓயவில்லை.

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. போர் விமானம் கண்டனத்தால் தரையிறங்காது. எரிபொருள் தீர்ந்தால், உதிரி பாகம் கிடைக்காவிட்டால், அவற்றை வாங்க அன்னியச் செலாவணி இல்லாவிட்டால் அது பறக்காது. விமான எரிபொருளுக்கு மியான்மர் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. அந்த எரிபொருளை விற்பவர், ஏற்றி வரும் கப்பல், கப்பலுக்குக் காப்பீடு தரும் நிறுவனம், பணத்தை மாற்றித் தரும் வங்கி என ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரியும், அவரைக் கட்டுப்படுத்தும் ஓர் அரசும் உண்டு. கனடா 2023 ஜனவரி இறுதியில் மியான்மருக்கு விமான எரிபொருள் வழங்குவதைத் தடை செய்தது. அமெரிக்கா அதே ஆண்டு ஆகஸ்டில் எரிபொருள் வணிகத்தில் ஈடுபடுவோர்மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்தது. அதற்குள் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. எரிபொருளும் பலமுறை கைமாறி வேறு வழிகளில் வரத் தொடங்கிவிட்டது. எரிவாயு விற்பனையிலும் இதே தாமதம்தான். ராணுவ அரசின் அன்னியச் செலாவணி வருவாயில் ஏறத்தாழப் பாதி எரிவாயுவிலிருந்து வந்தது. அதை வசூலிக்கும் அரசு நிறுவனத்தின்மீது ஐரோப்பிய ஒன்றியம் 2022 பிப்ரவரியில் தடை விதித்தது. அமெரிக்கா 2023 அக்டோபர் இறுதிவரை காத்திருந்தது.

இப்படிப்பட்ட தடைகள் எல்லாம் வீண், ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவு திறக்கும் என்று சொல்பவர்களுக்கு சிங்கப்பூர் தக்க பதில். மியான்மர் மனித உரிமை நிலை குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ் 2023 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் ராணுவம் குறைந்தது 100 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்களையும் அவை தொடர்பான பொருள்களையும் இறக்குமதி செய்ததைக் காட்டியது. ரஷ்யாவிலிருந்து 40.6 கோடி டாலர், சீனாவிலிருந்து 26.7 கோடி, சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள் வழியாக 25.4 கோடி. அந்த அறிக்கையைப் பார்த்த சிங்கப்பூர் அரசு தன் எல்லைக்குள் இருந்த நிறுவனங்களை விசாரிக்கத் தொடங்கியது. ஓராண்டுக்குள் அங்கிருந்து சென்ற இத்தகைய பொருள்களின் மதிப்பு 11 கோடி டாலருக்கும் மேலிருந்து சுமார் ஒரு கோடியாகக் குறைந்தது. அதே காலத்தில் தாய்லாந்து வழியாகச் சென்றது ஏறத்தாழ இரு மடங்கானது என்பதும் உண்மை. ஆனாலும் வங்கிகள் வழியாக நடந்த ராணுவக் கொள்முதல் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானமோ படையெடுப்போ இதற்குத் தேவைப்படவில்லை. ஒரு சிறிய நாடு தன் சட்டத்தைத் தன் மண்ணில் நடைமுறைப்படுத்தியது, அவ்வளவுதான்.

அதே 2023 அறிக்கையில் இந்தியாவிலிருந்து சென்றவற்றின் மதிப்பு 5.1 கோடி டாலர் என்று இருக்கிறது. அனுப்பியவற்றில் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களும் அடக்கம். சிங்கப்பூர் செய்ததை நம்மால் செய்ய முடியாதா?

முடியாது என்பதற்கு டெல்லியில் வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. இரு நாடுகளுக்கும் இடையே 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. வடகிழக்கின் ஆயுதக் குழுக்கள் அப்பால் பதுங்குகின்றன. மியான்மர் வழியாக வடகிழக்கைக் கடலுடன் இணைக்கும் கலாதான் போக்குவரத்துத் திட்டம் இருக்கிறது. நாம் விலகினால் அந்த இடத்தைச் சீனா பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கை அதன் சொந்த அளவுகோலால் அளந்தாலும் அது தேறவில்லை. கலாதான் திட்டத்தின் முக்கிய இடமான பலெட்வா நகரை 2024 ஜனவரியில் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் ஆயுதக் குழுவான அரக்கான் படை கைப்பற்றிவிட்டது. அதே காலத்தில் மியான்மர் ராணுவ வீரர்கள் நூற்றுக்கணக்கில் மிசோரத்துக்குள் தப்பி ஓடிவர, நாம் அவர்களை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினோம். தன் எல்லைச் சாவடியைக்கூடக் காத்துக்கொள்ள முடியாத ஓர் அரசு நம் எல்லைக்குக் காவலாக இருக்கும் என்று நம்புவதை யதார்த்தவாதம் என்று எப்படிச் சொல்வது? சீனாவோ ராணுவத்துடனும் அதை எதிர்க்கும் குழுக்களுடனும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறது.

வெளியிலிருந்து எடுக்கப்படும் எந்த நடவடிக்கையும் நல்லதே என்று நான் வாதிட வரவில்லை. 2003இல் அமெரிக்கா மியான்மர் பொருள்களின் இறக்குமதியை ஒட்டுமொத்தமாகத் தடை செய்தபோது ஆடைத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்து இளம்பெண்கள். தளபதிகளுக்கு எந்தக் குறையும் வரவில்லை. 2011இல் லிபியாவில் மக்களைக் காப்பதற்கென்று தொடங்கிய விமானத் தாக்குதல் ஆட்சி மாற்றமாக முடிந்து, அந்த நாட்டைப் பல ஆண்டுகள் உள்நாட்டுப் போரில் தள்ளியது. அதனால்தான் ராணுவத்தின் கொள்முதலை மட்டும் குறிவைக்கும் தடைகளைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் தனியான ஒரு கடமை இருப்பதாகவும் கருதுகிறேன். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்த ஒரு வாரத்துக்குப் பின், மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை அரசைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானத்தை 29 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேற்றியது. இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இலங்கையில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த சார்லஸ் பெட்ரி குழு 2012இல் அதைப் பெரும் தோல்வி என்று எழுதியது. மியான்மரில் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்ட காலத்தில் ஐ.நா. நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த கெர்ட் ரோசென்தால் 2019இல் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். முள்ளிவாய்க்காலில் உலகம் எங்கே போயிற்று என்று இன்றும் கேட்கும் நாம், சகாயிங்கில் நம் அரசு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் இருப்பது நியாயமாகாது.

தஞ்சம் தேடி வந்தவர்கள் விஷயத்தில் நம் நாட்டுக்குள்ளேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2021 மார்ச்சில், வருபவர்களைத் தடுக்கும்படி மத்திய உள்துறை அமைச்சகம் எல்லையோர மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியபோது, மிசோரத்தின் அன்றைய முதல்வர் ஜோரம்தங்கா அதை ஏற்க இயலாது என்று பிரதமருக்கு எழுதினார். வந்தவர்கள் தங்கள் உறவினர்கள் என்று மிசோரம் மக்கள் வீடுகளையும் தேவாலயங்களையும் திறந்துவிட்டார்கள். அந்தச் சிறிய மாநிலத்தில் முப்பதாயிரம் பேருக்கும் மேல் அடைக்கலம் பெற்றார்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாதிருப்பது உயிர்வாழும் உரிமையைக் காக்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று மணிப்பூர் உயர் நீதிமன்றம் 2021 மே 3 அன்று கூறியது. அகதிகள் குறித்த 1951 ஒப்பந்தத்தில் நாம் கையெழுத்திடவில்லை என்ற சாக்கை அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல.

இப்போது இன்னொரு அபாயமும் சேர்ந்திருக்கிறது. 2020 தேர்தலில் வென்ற தேசிய ஜனநாயக லீக்கை 2023 மார்ச்சில் ராணுவத்தின் தேர்தல் ஆணையம் கலைத்துவிட்டது. அந்தக் கட்சி இல்லாமல், நாட்டின் பெரும்பகுதியில் போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, 2025 டிசம்பர் 28 அன்று முதல்கட்ட வாக்குப்பதிவு நடத்தப்பட்டது. உறவைப் பழையபடி ஆக்கிக்கொள்ள விரும்பும் அரசுகளுக்கு இந்தத் தேர்தல் வசதியான காரணமாகிவிடும். இந்தியா அந்த வரிசையில் முதலில் நிற்கக் கூடாது. மிசோரம், மணிப்பூர் எல்லை வழியாக மருந்தும் உணவும் ராணுவத்தின் கையில் சிக்காமல் மக்களை நேரடியாகச் சென்றடைய வழி செய்ய வேண்டும். மியான்மர் ராணுவம் பயன்படுத்தக்கூடிய ராடார், பீரங்கி உதிரி பாகங்கள், தகவல்தொடர்புக் கருவிகள் ஆகியவற்றின் ஏற்றுமதியை நிறுத்த வேண்டும்.

நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அவையில் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்: 2021 பிப்ரவரி 1க்குப் பிறகு மியான்மர் ராணுவத்துக்கும் அதற்காகக் கொள்முதல் செய்யும் நிறுவனங்களுக்கும் எந்தெந்தப் பொருள்களை, எவ்வளவு மதிப்பில், யாருடைய அனுமதியின்பேரில் இந்தியா அனுப்பியது, அந்த அனுமதிகளில் எவை இன்னும் நடைமுறையில் உள்ளன?

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகர்