5.34 மீட்டர் முற்றம்

மாப்ள,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்கு நீ அனுப்பிய வசவெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால் இப்போது தேவலையா? ஸ்கேல் சார் கல்யாணப் பத்திரிகைக்கும் மார்ஜின் அளந்தார் என்று கேள்விப்பட்டேன், ஆச்சரியமே இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். குசலம் இத்தோடு போதும்.

பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதி பற்றி மாணவர்களுக்காக நீ எழுதிய உரையை முழுசாகப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் "1862ல் ஹோப்ரெக்ட் போட்ட நகரத் திட்டம்தான் இந்த நெரிசலை உண்டாக்கியது" என்று வைத்திருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அது உன் வரி இல்லை. 1930ல் நகரத் திட்ட விமர்சகர் வெர்னர் ஹெகெமன் பிரபலமாக்கிய குற்றச்சாட்டு. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் முன்னால் நீயும் அதையே ஒப்பிக்காதே.

முதல் விஷயம், பாதி க்ரொய்ட்ஸ்பெர்க்கை ஹோப்ரெக்ட் வரையவே இல்லை. கிழக்குப் பக்கம், எல்லாரும் எஸ்.ஓ. 36 என்று பழைய தபால் எண்ணாலேயே சொல்கிற பகுதி, லூய்சன்ஷ்டாட் என்ற பழைய புறநகரின் ஒரு துண்டு. அங்கே தெருக்களைப் போட்டது பீட்டர் யோசஃப் லென்னே, 1840களில். தோட்டக்காரர் மூளை என்பதால் நடுவில் ஒரு கால்வாய், அகலமான சதுக்கங்கள், மரியானன்பிளாட்ஸில் பெத்தானியன் மருத்துவமனை (1847). அந்தக் கால்வாயை 1852ல் திறந்து 1926ல் தூர்த்துவிட்டார்கள். தண்ணீர் ஓடாமல் நாறியது. உன் ஏழாம் படத்தில் பள்ளமாகத் தெரிகிற பூங்கா அதுதான். "இயற்கைத் தாழ்வு" என்று அடியில் எழுதியிருக்கிறாய், அடித்துவிடு. ஹோப்ரெக்ட்டின் கை தெரிவது லாண்ட்வேர் கால்வாய்க்குத் தெற்கே, பெர்க்மன் தெருப் பக்கம்.

இரண்டாவது, ஹோப்ரெக்ட்டின் திட்டத்தில் இருந்தது தெருக்கோடும் சதுக்கங்களும் மட்டும். இரண்டு தெருவுக்கு நடுவில் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. தெரு போட்டால் செலவு என்பதால் தெருக்களைக் குறைத்து, மனைத்தொகுதிகளைப் பெரிசாக விட்டார்கள். உள்ளே நடந்ததற்கெல்லாம் அனுமதி கொடுத்தது வேறொரு காகிதம்: 1853ஆம் வருஷத்துக் கட்டடப் போலீஸ் விதி. அதன்படி முற்றம் குறைந்தது 17 அடிக்கு 17 அடி, பிரஷ்ய அடி, அதாவது 5.34 மீட்டர். எதற்கு அந்த அளவு? தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டும். வெளிச்சம், காற்று, ஒரு அறையில் எத்தனை பேர் என்பதைப் பற்றியெல்லாம் போலீசுக்குக் கவலை இல்லை.

மிச்சத்தை மனைக்காரன் பார்த்துக்கொண்டான். தெருவைப் பார்த்து முன்வீடு, அதிலிருந்து பின்னோக்கிப் பக்கவாட்டுச் சிறகு, குறுக்கே பின்வீடு, அதற்குப் பின்னால் இன்னொரு முற்றம். மனை ஆழமாக இருந்தால் மூன்றாவதும் உண்டு. முன்வீடும் சிறகும் சேருகிற மூலையில் வரும் பெரிய அறைக்கு மூலையில் ஒரே ஒரு ஜன்னல்தான் வைக்க முடியும். பகலிலும் விளக்குப் போட வேண்டும். உன் மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்: எதிர்ச் சுவர் 20 மீட்டர் உயரம், முற்றம் 5.34 மீட்டர். தரைத்தளத்து ஜன்னலிலிருந்து வானம் தெரிய 75 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். 1887ல்தான் புதிய விதி வந்து முற்றம் குறைந்தது 60 சதுர மீட்டர், உயரம் 22 மீட்டர், தளம் ஐந்து என்று வரம்பு கட்டியது. அதனால் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் ஒரு வீட்டைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது அது 1887க்கு முன்னா பின்னா என்பது. உன் உரையில் எல்லா வீடும் ஒரே வயசு.

அந்த முற்றங்களில் குடியிருப்பு மட்டும் இல்லை என்பதை நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய். முன்னால் வீடு, பின்னால் அச்சகம், தச்சுப்பட்டறை, பித்தளை வேலை. கூடவே ஒன்று சேர்த்துக்கொள்: ஜெர்மன் இன்ஜினியர் கோன்ராட் ட்சூஸெ தன் இசட்-3 கணினியை 1941 மே மாதம் ஓட்டிக் காட்டியது இங்கேதான், மெத்ஃபெஸல் தெருவில். பையன்கள் விழித்துக்கொள்வார்கள்.

ஹோப்ரெக்ட்டுக்கு இன்னொரு நியாயமும் செய்ய வேண்டும். 1873லிருந்து பெர்லினின் பாதாளச் சாக்கடையைக் கட்டியதும் அவர்தான். நகரத்தைப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கழிவைத் தாழ்வான இடத்துக்கு இறங்கவிட்டு, அங்கிருந்து நீராவி பம்பால் ஊருக்கு வெளியே கழனிகளுக்குத் தள்ளினார். ஸ்ப்ரே ஆற்றில் கொட்டியது நின்றது. மூன்றாம் துண்டின் பம்பிங் ஸ்டேஷன் க்ரொய்ட்ஸ்பெர்க்கில், ஹாலெஷஸ் ஊஃபர் கரையில், புகைபோக்கியோடு இன்னும் நிற்கிறது. அதில் ஒரு படம் போடாமல் மே தின ரகளைக்கு நான்கு படம் போட்டிருக்கிறாய், அநியாயம்.

சரி, என் உண்மையான கோபம் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. "காலப்போக்கில் வீடுகள் பழுதடைந்தன" என்று ஒரே வரியில் கடந்துபோகிறாய். நீ ஒரு இன்ஜினியர், மாப்ள. எது பழுதடைந்தது, எங்கிருந்து, யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

அந்த வீடுகளின் உடம்பைச் சொல்கிறேன், ஸ்லைடாகவே போட்டுவிடு. செங்கல் சுவர், மேல்தளத்தில் ஒன்றரைக் கல், 38 சென்டிமீட்டர்; கீழே வர வர இரண்டு கல், இரண்டரைக் கல் என்று தடிக்கும். நிலவறைக்கு மேலே இரும்பு ஐ-பீமுக்கு நடுவில் ஜாக் ஆர்ச், அதாவது தாழ்வான செங்கல் வளைவு. அதற்கு மேல் எல்லாத் தளமும் மர உத்தரம். இடையில் பலகை கொடுத்து அதன்மேல் களிமண், மணல், கசடு என்று நிரப்பு. பல வீடுகளில் டி.பி.சி., அதாவது தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற அடுக்கு, உருப்படியாகக் கிடையாது. உத்தரத்தின் நுனி வெளிச்சுவருக்குள்ளே செருகியிருக்கும். அந்த நுனிதான் வீட்டின் உயிர்நிலை.

வெளியே மழைநீர்க் குழாயில் ஒரு இணைப்பு விட்டுப்போகிறது. வாளி வைத்து யாரும் பிடிக்கிற இடம் இல்லை, சுவர் குடிக்கிறது. உத்தர நுனி ஈரமாகிறது, காற்று படாத பொந்து, மரம் காய வழியில்லை. முதலில் சாதாரண அழுகல். அப்புறம் வீட்டுப்பூஞ்சை வருகிறதே, அது வேறு ஜாதி: கயிறு கயிறாக இழை விட்டுத் தண்ணீரைத் தானே சுமந்துபோய், காரை இணைப்பு வழியாகச் சுவரைத் தாண்டி, உலர்ந்த மரத்தையும் தின்னும். தரைப்பலகை அசைகிறது என்று குடியிருப்பவர் சொல்லும்போது நுனி பெரும்பாலும் போயே போயிருக்கும்.

வைத்தியமும் இருக்கிறது, புதுசும் இல்லை. முதலில் குழாயை மாற்று. பலர் இதைக் கடைசியில் செய்வார்கள், அதனால்தான் பூஞ்சை திரும்பி வருகிறது. உத்தரத்துக்குக் கீழே, எல்லாத் தளத்திலும் நேராக, முட்டுக் கொடு. தரைப்பலகையைப் பெயர்த்து நிரப்பை அள்ளி வெளியேற்று. இழை அதற்குள்ளும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு அப்பால் குறைந்தது 1 மீட்டர் நல்ல மரத்தையும் வெட்டு. மனசு கேட்காது, ஆனாலும் வெட்டு. சுவரில் காரையைச் சுரண்டி மருந்து ஏற்று. பிறகு மிச்ச உத்தரத்தின் இரண்டு பக்கமும் சி-சேனல் (C வடிவ இரும்புச் சட்டம்) வைத்துக் குறுக்கே போல்ட் போட்டு, சேனலைச் சுவரில் உட்கார வை. மரத்தையே நீட்டினால் நுனியைச் சுற்றி இடைவெளி விடு. அங்கே சிமெண்டு கலவையைத் திணித்து அடைக்கிற மேஸ்திரியை வேலையை விட்டே அனுப்பிவிடலாம்.

இவ்வளவுதான். ஒரு தகரக்குழாய் செலவில் தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை என்பதுதான் க்ரொய்ட்ஸ்பெர்க்கின் வரலாறு.

1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் வந்து எஸ்.ஓ. 36ஐ மூன்று பக்கம் அடைத்தது. 1963ல் மேற்கு பெர்லின் அரசு முதல் நகரப் புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தது. புதுப்பிப்பு என்று பெயர், பெரும்பாலும் இடிப்பு. 1965 நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் ஓரானியன்பிளாட்ஸ் சதுக்கத்தின் மேலேயே இரண்டு விரைவுச்சாலைகள் வெட்டிக்கொள்கின்றன. கோட்புஸர் டோர் சந்திப்பில் அடால்பெர்ட் தெருவையே தாண்டி நிற்கிற அந்த ராட்சசக் கட்டடம் 1974ல் முடிந்தது. அது ஏன் அப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டிருந்தாய். வரப்போகிற விரைவுச்சாலைச் சத்தத்துக்குத் தடுப்பாக வைத்தார்கள். சாலை வரவில்லை, முதுகு மட்டும் நிற்கிறது.

இடிக்கப்போகிற வீட்டுக்கு எவன் குழாய் மாற்றுவான்? பழைய வீட்டு வாடகைக்கு மேற்கு பெர்லினில் 1987 முடியும்வரை கட்டுப்பாடு வேறு. இடிக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று, 1961 ஒப்பந்தத்துக்குப் பிறகு துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களைக் குறுகிய காலத்துக்குக் குடிவைத்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பொதுக் கழிப்பறை, குளிர்காய நிலக்கரி அடுப்பு. பிறகு, வெளிநாட்டார் அதிகமாகிவிட்டார்கள் என்று 1975ல் இதே அரசு க்ரொய்ட்ஸ்பெர்க்குக்குள் வெளிநாட்டார் குடிவரத் தடை போட்டது. இதை நீ அடிக்குறிப்பில் வைத்திருக்கிறாய். மேலே கொண்டுவா.

1979லிருந்து காலி வீடுகளுக்குள் புகுந்து பழுதுபார்த்துக் குடியேறினார்கள். 1981ல் மேற்கு பெர்லினில் 160க்கு மேற்பட்ட வீடுகள், அதில் நிறைய இங்கே. அதே சமயம் சர்வதேசக் கட்டடக் கண்காட்சியின் பழைய வீட்டுப் பிரிவுக்கு ஹார்ட்-வால்டர் ஹேமர் பொறுப்பேற்றார். சார்லோட்டன்பர்க்கில் ஒரு முழுத் தொகுதியை இடிக்காமல் சீர்செய்து, இடித்துக் கட்டுவதைவிட அது மலிவு என்று கணக்கோடு காட்டிவிட்டு வந்தவர். 1983ல் அவருடைய 12 கொள்கைகள் நகரச் சபைவரை போயின. முதல் கொள்கை: இப்போது அங்கே வாழ்கிறவர்களோடு சேர்ந்துதான் திட்டமிட வேண்டும். நடைமுறையில் படிப்படி வேலை. இந்த வருஷம் கூரை, குழாய், உத்தர நுனி, கழிப்பறை வீட்டுக்குள்ளே, குளியலுக்குச் சமையலறையில் ஒரு மூலை, அடுப்பா கேஸா என்பது குடியிருப்பவர் விருப்பம். முற்றத்தில் கொட்டகைகளை எடுத்து மரம். ட்ரெஸ்டனர் தெருவில் ஒரு மாடிக் கார் நிறுத்தத்தைக் குழந்தைகள் காப்பகமாக்கினார்கள். கட்டட எலும்பை அப்படியே வைத்துக்கொண்டு. அதற்கு ஒரு ஸ்லைடு முழுசாகக் கொடு.

அடுத்தது உன் உரையில் இல்லவே இல்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. அப்படிக் காப்பாற்றிய வீடு இப்போது குடியிருப்பவனை வெளியேற்றுகிறது. ஜெர்மன் சட்டத்தில் பழுதுபார்ப்புச் செலவை வாடகையில் ஏற்ற முடியாது. மேம்படுத்தல் செலவில் வருஷம் 8 சதவீதம் ஏற்றலாம், 2019க்கு முன் 11. 70 சதுர மீட்டர் வீட்டுக்கு 25,000 யூரோ மேம்படுத்தல் என்று கணக்குக் காட்டினால் மாதம் 167 யூரோ, சதுர மீட்டருக்கு 2.38. ஏற்கெனவே சதுர மீட்டருக்கு 7 யூரோவோ அதற்கு மேலோ வாடகை உள்ள வீட்டில், ஆறு வருஷத்தில் சதுர மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்புக்குள் சுகமாக அடங்குகிறது. செலவு வசூலான பிறகும் அந்த 167 இறங்காது. அதனால் எது பழுது, எது மேம்பாடு என்பதில்தான் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை. பழைய ஜன்னலை மாற்றினால் இரண்டும் கலந்திருக்கும்; பழுதுப் பங்கைக் கழிக்கச் சொல்லிக் கேட்காதவன் முழுசையும் கட்டுவான். இறுக்கமான புது ஜன்னல் போட்டுவிட்டுக் காற்றோட்டத்தை யோசிக்காமல் விட்டால் அதே வீட்டில் கரும்பூஞ்சை வரும், அது தனிக் கூத்து.

இதைத் தடுக்க, வீடு விற்கும்போது வாங்க வந்தவனுக்குப் பதிலாகத் தானே வாங்கிக்கொள்ளும் உரிமையை, முந்தி வாங்கும் உரிமை என்பார்கள், வட்டார நிர்வாகம் பயன்படுத்தி வந்தது. 2021 நவம்பர் 9ஆம் தேதி கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அதை முடக்கியது. வழக்கு க்ரொய்ட்ஸ்பெர்க்கின் ஹைம் தெரு வீடு ஒன்று. வாங்குகிறவன் நாளைக்கு வாடகை ஏற்றுவான் என்ற சந்தேகம் போதாது. கட்டடத்தில் பெரிய குறை இல்லாமல், விதிப்படி பயன்பாட்டில் இருந்தால் முந்தி வாங்க முடியாது என்றார்கள். யோசித்துப் பார். 1963ல் ஒழுகுகிற வீடு இடிப்புக்குப் போனது. இன்றைக்கு ஒழுகாத வீட்டுக்குத்தான் பாதுகாப்பு இல்லை.

இலங்கைத் தமிழர் பற்றி ஒரு பத்தி வேண்டும் என்று கேட்டாய். க்ரொய்ட்ஸ்பெர்க்கோடு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, இட்டுக்கட்டாதே: 1985ல் கிழக்கு ஜெர்மனி இடைவழி விசாவை நிறுத்தும்வரை பலர் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ் தெரு ஸ்டேஷன் வழியாக மேற்கே வந்தார்கள். அங்கிருந்து யு-6 பாதாள ரயிலில் தெற்கே வந்தால், கிழக்கு பெர்லினுக்கு அடியில் ஆளில்லாமல் மூடிக்கிடந்த ஸ்டேஷன்களைத் தாண்டி வண்டி நிற்கும் முதல் இடம் கோஹ் தெரு. க்ரொய்ட்ஸ்பெர்க்கின் வடக்கு ஓரம்.

உத்தர நுனி வெட்டுப்படத்தை நானே பென்சிலில் போட்டு அடுத்த தபாலில் அனுப்புகிறேன், 1:10 அளவில். சி-சேனலின் போல்ட் இடைவெளியை ஸ்கேல் சார் அளந்து பார்ப்பார் என்பதால் சரியாகவே போடுகிறேன். மூன்றாம் பக்கத்தைத் திருத்திய பிரதியை அனுப்பு. அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

உன்,
மச்சான்