லாரி ஹாரனும் இரண்டு விரல்களும்

பட்டர்வொர்த்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தீ விபத்துக்குப் பிறகு தம்பி ராத்திரியில் அலறி எழுந்து உட்காருகிறான் என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. "கண்ணை அசைத்தால் மனக்காயம் ஆறுமாமே, நீ போனாயே, உண்மையா?" என்று கேட்டிருந்தாய். இதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பினாங்குப் பாலத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மோட்டார் சைக்கிளோடு விழுந்தது உனக்குத் தெரியும். கால் உடைந்தது அவருக்கு. எனக்கு முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அவர் நடக்க ஆரம்பித்த பிறகும் நான் அந்தப் பாலத்திலேயே கிடந்தேன். பாசாரில் மீன் வாங்கும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தால் போதும். வலது கை தானாக இறுகிவிடும், நெஞ்சு அடைக்கும், டயர் எரிந்த நாற்றம் மூக்கில் ஏறும். முடிந்துபோன விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது, உடம்பு கேட்கவில்லை.

மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆபத்து என்று முதலில் மணி அடிப்பது அதுதான். இது எப்போது, எங்கே நடந்தது என்று நினைவுக்கு முகவரி எழுதி வைப்பதில் ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதிக்குப் பெரிய பங்கு. பெரிய அதிர்ச்சியில் அந்த முகவரி சரியாகப் பதிவதில்லை. அதனால்தான் பழைய சம்பவம் இப்போது நடப்பதுபோலத் திரும்பி வருகிறதாம். இதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். நான் கோழை என்றே அதுவரை நினைத்திருந்தேன், சாந்தி.

நீ கேட்ட அந்தக் கண்ணசைவுச் சிகிச்சைக்கு இ.எம்.டி.ஆர். என்று பெயர். அதை உருவாக்கியவர் ஃபிரான்சின் ஷப்பீரோ என்ற அமெரிக்க உளவியலாளர். 1987இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கண்கள் இப்படியும் அப்படியும் அசைய அசைய, மனதை அரித்த எண்ணத்தின் வேகம் குறைவதைக் கவனித்தாராம். 2013இல் உலக சுகாதார நிறுவனமும் இதைத் தன் பரிந்துரைகளில் சேர்த்தது.

முதல் இரண்டு வாரம் விரலே தூக்கவில்லை, பேச்சுதான். நிம்மதியான ஓர் இடத்தை நினைக்கச் சொன்னார் எனக்குச் சிகிச்சை தந்த உளவியலாளர் அம்மா. எனக்கு வந்தது பழைய பெர்ரிக் கப்பலின் மேல்தளம். நீயும் நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்று வாங்குவோமே, அது. அப்புறம்தான் விபத்துக்குப் போனோம். வேதனை பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது என்றேன். மனதில் அந்தக் காட்சி, கண் முன்னால் அவருடைய இரண்டு விரல்கள் இடமும் வலமும். இருபத்தைந்து தடவை போல இருக்கும். நிறுத்தி, "மூச்சு விடுங்க, இப்ப என்ன வருது?" என்பார். ஒருமுறை ரோட்டில் ஒற்றையாகக் கிடந்த என் செருப்பு வந்தது. அடுத்த சுற்றில், அதை எடுத்து வந்து என் காலில் மாட்டிவிட்ட யாரோ ஒரு மலாய்க்காரப் பையனின் முகம். ஒரு வருடமாக அவனை நான் மறந்தே இருந்தேன்! அன்றைக்கு என் கை தானாக விரிந்தது.

ஏன் இப்படி என்பதற்கு ஒரு விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காட்சியைப் பிடித்துக்கொண்டே விரலையும் தொடர்ந்தால், இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க மூளையில் இடம் போதாது. காட்சி மங்குகிறது, மங்கியபடியே திரும்பச் சேமிக்கப்படுகிறது. 2019இல் கொரிய விஞ்ஞானிகள், இடமும் வலமும் நகரும் வெளிச்சத்தைக் காட்டியபோது எலிகளின் பயம் குறைந்ததையும், கண்ணசைவோடு தொடர்புடைய மூளைப் பாதை ஒன்று அமிக்டலாவை அடக்குவதையும் கண்டார்கள். கண்ணசைவு அவசியமா, சம்பவத்தை நினைப்பதே போதுமா என்ற விவாதமும் ஓயவில்லை. என் நாடி தணிந்ததை நான் உணர்ந்தேன், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

சும்மா சுகமாக இருக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிடாதே. சில நாள் தலை கனத்தது, இரண்டு ராத்திரி மோசமான கனவு. யூடியூப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யவும் விடாதே. முறையாகப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம்தான் போக வேண்டும்.

போன ஞாயிறு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகக் காரில் பாலம் ஏறினோம். நடுப்பாலத்தில் பின்னால் ஹாரன். உள்ளங்கை வேர்த்தது. சேலையில் துடைத்துக்கொண்டு, கடலில் எத்தனை படகு என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

பள்ளி விடுமுறைக்குத் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா