ஆண்டறிக்கை: முதுகெலும்பு வளைவும் பெரிய ஆபரேஷனும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அவர்களைக் கூட்டிவந்து பொறுமையாக உட்கார்ந்திருக்கும் வீட்டாரே, முதுகெலும்பு வளைவு உள்ளவர்களுக்கான நம் சங்கத்தின் பொதுக்குழுவில் அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு வருத்தமான செய்தி. புதுவயலிலிருந்து கூட்டம் தவறாமல் வந்துகொண்டிருந்த நம் மூத்த அண்ணன் ஆவணியில் மாரடைப்பால் காலமானார். வாக்கர்களுக்குத் தேய்ந்துபோன ரப்பரை மாற்றுவது, நாற்காலிக் காலைச் சரி செய்வது என்று யாரிடமும் சொல்லாமல் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர். எழுந்து நிற்க முடிந்தவர்கள் ஒரு நிமிடம் நிற்போம். முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே.

நன்றி.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் செக்காலையில் நம் உறுப்பினர் வீட்டு முகப்பில் நடந்தன. பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் பால்குடத்தால் ஒன்று தள்ளிப்போனது, ஐப்பசி மழையில் ஒன்று நடக்கவே இல்லை. முதுகு சாய்க்கவும் கை ஊன்றவும் வசதியான நாற்காலிகள் வாங்கியிருக்கிறோம். செட்டிநாட்டுத் திண்ணை பார்க்க அழகுதான், நமக்கு ஆகாது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகியும்கொள்வதுதான் ஸ்கோலியோசிஸ். எக்ஸ்ரேயில் 10 டிகிரியாவது இருந்தால்தான் அந்தப் பெயர். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் கோப் 1948இல் எழுதிவைத்த முறையில்தான் இன்றும் உலகம் முழுக்க அளக்கிறார்கள், அதனால்தான் ரிப்போர்ட்டில் ‘கோப் கோணம்’ என்று இருக்கும். நம்மில் பாதிப் பேருக்கு இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் காரணம் தெரியாமல் வந்தது. மீதிப் பேருக்கு ஐம்பதைத் தாண்டியபின் டிஸ்க்கும் மூட்டும் தேய்ந்து வந்தது. பள்ளிப் பை சுமந்ததால் வருவதில்லை. கிரகணத்தில் தாய் வெளியே போனதாலும் வருவதில்லை. இந்தப் பழியைச் சுமந்துகொண்டிருக்கும் அம்மாக்கள் இன்றும் நம் ஊர்களில் இருப்பதால் அறிக்கையிலேயே எழுதிவைக்கிறேன்.

வளர்ச்சி நின்றபின் வளைவும் நின்றுவிடும் என்று பலரும் நம்பியிருந்தோம். 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். 50 டிகிரியைத் தாண்டியிருந்தால், அதுவும் மேல்முதுகில் இருந்தால், ஆண்டுக்கு ஒரு டிகிரி அளவில் கூடிக்கொண்டே போகலாம். இருபது வயதில் கவலை இல்லாதவர் நாற்பத்தைந்தில் டாக்டர் முன் உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இனி இந்த ஆண்டின் முக்கியமான விஷயம். நம் உறுப்பினர்களில் மூன்று பேர் முதுகை நிமிர்த்தும் பெரிய ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஒருவர் எல்லாச் சோதனைகளும் முடிந்தபின் வேண்டாம் என்று முடிவெடுத்தார். நால்வரிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஆடிக் கூட்டத்தில் நடந்த சண்டையைச் சொல்லாமல் விட்டால் அறிக்கை முழுமையாகாது. முதல்முறை வந்த ஒரு பெண்ணிடம் நம்மில் ஒருவர், “கத்தி வெச்சா கால் வராமப் போயிரும்” என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், “செய்யாம விட்டா மூச்சே முட்டிப்போகும்” என்றார். இருவருக்கும் நல்ல எண்ணந்தான். அந்தப் பெண் இரண்டு பயத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார், மறு மாதம் வரவில்லை. நம் சங்கத்தில் எழுதாத விதி ஒன்று இருந்தது. இனி எழுதிய விதி: ஆபரேஷன் செய்துகொள் என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது. எனக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்லலாம், கேட்டால் மட்டும் சொல்லலாம். செயற்குழு இதைத் தீர்மானமாகவே போட்டிருக்கிறது. அந்தப் பெண் புரட்டாசியிலிருந்து மறுபடி வருகிறார்.

அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் மதுரையிலிருந்து ஒரு தண்டுவட அறுவை மருத்துவரை அழைத்தோம். அவர் எதையும் மறைக்கவில்லை, அதுவே எல்லோருக்கும் பிடித்திருந்தது. வளைந்த பகுதியில் உள்ள எலும்புகளில் ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் கம்பியைப் பொருத்தி நிமிர்த்துகிறார்கள். அப்புறம் மூட்டுப் பரப்பைச் சுரண்டி எலும்புத் துண்டுகளைப் பரப்பிவைக்கிறார்கள். அந்த எலும்புகள் ஒன்றோடொன்று கூடி ஒரே எலும்பாக வேண்டும், இதைத்தான் ‘கட்டுவது’ என்கிறோம். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை பிடித்துவைத்திருப்பதுதான் கம்பியின் வேலை. எலும்பு கூடாவிட்டால் எவ்வளவு நல்ல கம்பியும் ஒருநாள் முறியும்.

கால் போய்விடுமா என்ற கேள்வியை எப்படியும் யாராவது கேட்டிருப்பார்கள், முதல் வரிசையிலிருந்தே வந்தது. ஆபரேஷன் நடக்கும்போதே தலையிலும் காலிலும் மின்முனைகள் வைத்து நரம்புச் சமிக்ஞையைத் தொடர்ந்து பார்க்கிறார்கள். அது குறைந்தால் அங்கேயே நிறுத்தி, நிமிர்த்தியதைத் தளர்த்துகிறார்கள். இந்த வசதி இல்லாத நாளில் பாதியிலேயே மயக்கத்தைக் குறைத்து எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வார்களாம். ஆபத்து குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார். சிறு பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குச் சிக்கல் கூடுதல் என்றும் சொன்னார்: ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, எலும்பு கூடாமை, கம்பி முறிவு, கட்டிய பகுதிக்கு மேலே புதிதாக முன்பக்கம் வளைவது. மறு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் உண்டு.

நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்கு இளவயதில் வைத்தது பழைய ஹாரிங்டன் கம்பி. ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்காக 1950களில் உருவாக்கியது அது. அந்தக் கம்பி வளைவை இழுத்து நிமிர்த்தியது, கூடவே கீழ்முதுகின் இயல்பான குழிவையும் தட்டையாக்கிவிட்டது. அவர் ஏன் முன்பக்கம் சாய்ந்து நடக்கிறார் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. இப்போது பக்கவாட்டுத் தோற்றத்தையும் கணக்கில் எடுத்துத்தான் கம்பியை வளைக்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சிக்கு அறுபதைத் தாண்டிய வயது. பத்து அடி நடந்தால் கால் மரத்து உட்கார வேண்டிய நிலை. இடுப்பெலும்பு வரை கட்ட வேண்டும் என்றார்கள். அவரை ஆபரேஷனுக்குத் தயார் செய்ததுதான் எங்களுக்குப் பெரிய வேலை. முதலில் எலும்பு அடர்த்திச் சோதனை. எலும்பு அடர்த்தி குறைந்து கிடந்தால் ஸ்க்ரூ நிற்காது, அதனால் மாதக்கணக்கில் அதற்கு மருந்து. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இதெல்லாம் சரி. வெற்றிலையோடு புகையிலையை விடச் சொன்னதுதான் வினையானது. “நான் என்ன பீடியா குடிக்கிறேன்?” என்று கேட்டார். எலும்பு கூடுவதைக் கெடுப்பது நிகோட்டின், அது புகையாக வந்தாலும் ஒன்று, வாயில் அடக்கினாலும் ஒன்று என்று பள்ளத்தூர் ஆச்சி பொறுமையாக எடுத்துச் சொன்னார். மகன் சொல்லிக் கேட்காததை, முதுகில் தழும்போடு இருக்கும் இன்னொரு ஆச்சி சொன்னதும் கேட்டார்.

‘துணை’ என்று நாம் வைத்திருக்கும் ஏற்பாட்டின் பயன் இங்கேதான் தெரிகிறது. ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும், முடிந்தவரை அதே அளவு கட்டப்பட்ட, அதே பாலினத்தவர் ஒருவர். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் எல்லாம் இவர்களிடம்தான் வருகின்றன. இடுப்பு வரை கட்டினால் கழுவிக்கொள்ள எப்படிக் கை எட்டும்? எட்டுவது சிரமந்தான், கைப்பீச்சாங்குழாயும் பழக்கமும் வேண்டும். புருஷன் பெண்டாட்டி வாழ்க்கை? காயம் ஆறியபின் டாக்டர் அனுமதியோடு உண்டு. சம்மணம் போட்டுப் பந்தியில் உட்கார முடியுமா? எத்தனை எலும்பு கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. மண்டபத்தில் மேசைப் பந்தி வந்துவிட்ட காலத்தில் அது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து, ஆச்சிக்கு அதில் உடன்பாடில்லை.

துணையாக இருப்பவர் ஆபரேஷனுக்கு முன்பே வீட்டையும் போய்ப் பார்க்கிறார். நம் வீடுகள் இதற்கென்றே கஷ்டப்படுத்தக் கட்டியவை. உயரமான நிலைப்படி ஒன்றுக்குப் பின் ஒன்று. குளியலறை இரண்டாம் கட்டையும் தாண்டிப் பின்னால். ஈரம் பட்ட ஆத்தங்குடிக் கல்லில் வாக்கர் நிற்பதில்லை. ஆச்சிக்குக் கட்டிலைப் பட்டாசாலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, நிலைப்படிகளுக்குப் பலகைச் சரிவு போட்டு, அடுப்படிச் சாமான்களை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைத்தோம். முதல் சில மாதங்களுக்குக் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, முதுகைத் திருப்பக் கூடாது. படுக்கையில் புரளும்போது தோளும் இடுப்பும் சேர்ந்தே திரும்ப வேண்டும். கோலத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. பள்ளத்தூரில் ஒரு வீட்டில் மார்கழி முழுக்கக் கோலம் போட்டது வீட்டுக்கார அண்ணன்தான். தெருவே வந்து பார்த்தது. கோலம் சுமார்தான்.

மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மூன்று பந்துக் கருவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஊதுவதற்கு இல்லை, உள்ளே இழுப்பதற்கு. இதை முன்கூட்டியே வாங்கிப் பழகிக்கொண்டு போவது நல்லது. வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கல் சிலருக்குக் காயத்தைவிடப் பெரிய தொல்லை, அதற்கும் கேட்டு மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், சில மருந்துகள் ரத்தப்போக்கைக் கூட்டும்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை எல்லோரும் தைரியமாகத்தான் இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களும் ஆரஞ்சுப் பழமும் இருக்கும். வீட்டுக்கு வந்து கூட்டம் குறைந்தபின், மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் மனசு உடைகிறது. தூக்கமில்லை, முதுகுத் தோல் மரத்திருக்கிறது, ஒரு டம்ளர் கீழே விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும். ஆச்சி ஒரு ராத்திரி பள்ளத்தூருக்குப் போன் போட்டு, எதுக்கு இதைச் செஞ்சுக்கிட்டேன் என்று அழுதிருக்கிறார். “நானும் இதையே கேட்டு அழுதவதான் ஆச்சி. மொதல்ல சாப்பிட்டீகளா?” என்று கேட்டிருக்கிறார் பள்ளத்தூர் ஆச்சி. அப்புறம் ஒரு மணி நேரம் கந்தரப்பத்துக்கு மாவு பதம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சங்கம் இந்த ஆண்டு செய்த வேலைகளில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆச்சி இப்போது தெருமுனைக் கோயில் வரை நடக்கிறார். முதுகு வலி முழுதாகப் போகவில்லை, கால் மரப்பு போய்விட்டது. அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

வங்கியில் வேலை பார்க்கும் நம் காரைக்குடித் தங்கைக்கு இரட்டை வளைவு, இரண்டும் அறுபது டிகிரியைத் தாண்டியவை. கல்யாணச் சந்தைக்குப் பயந்து வீட்டார் பல வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், கொஞ்சம் உயரமும் கூடியிருக்கிறது. ரவிக்கை அத்தனையும் ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கித் தைத்தவை, டெய்லர் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துக்கொடுத்தார்.

கண்டனூர்த் தம்பிக்கு நடந்தது மறு ஆபரேஷன். முதலில் வைத்த கம்பி, எலும்பு கூடாத ஓர் இடத்தில் முறிந்துவிட்டது. புதியவர்கள் முன்னால் அவரைப் பேசவிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். செயற்குழு ஒப்புக்கொள்ளவில்லை. நல்லபடி முடிந்தவர்களை மட்டும் பேசவைத்தால் நாம் ஆஸ்பத்திரி விளம்பரப் பலகையாகிவிடுவோம். தம்பி பேசினார், அன்றைக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன.

கானாடுகாத்தான் அக்கா வேண்டாம் என்று முடிவெடுத்தார். வளைவு கூடவில்லை, வலியை உடற்பயிற்சியும் நடையும் தாங்கிக்கொள்கிறது, ஆண்டுக்கு ஒரு எக்ஸ்ரே. யாரும் அவரிடம் வாதம் பண்ணவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவர்தான் இப்போது ரத்தம் கொடுப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று ஆபரேஷனுக்கும் ஆள் தட்டுப்பாடு வரவில்லை.

பண விஷயம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் எந்த அளவுக்கு அனுமதி என்பதைத் தேதி குறிக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு குடும்பத்தை ஒரு காப்பீட்டு நிறுவனம் கடைசி நாள்வரை அலையவிட்டது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனி நடைப்பயணம் போக இருவர் ஆசைப்பட்டார்கள். நடக்கலாம், சுமக்கக் கூடாது என்று அவர்களுடைய டாக்டர் சொன்னார். ஒருவர் முதல் இரண்டு நாள் நடந்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினார். இன்னொருவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பதில் இருவர் கணக்கும் ஒத்துவரவில்லை.

ஆண்கள் இன்னும் போதுமான அளவு வருவதில்லை. வருகிறவர்களும் கூட்டத்தில் வாயைத் திறப்பதில்லை, வாசலில் டீ குடிக்கும்போதுதான் பேசுகிறார்கள். வரும் ஆண்டு அவர்களுக்கென்று தனியாக ஒரு மாலை வைக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. பொறுப்பேற்க கண்டனூர்த் தம்பி சம்மதித்திருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். கம்மோட் சேர் இரண்டு, நீளப் பிடி இடுக்கி ஒன்று, சாய்வுத் தலையணைகள் சில இன்னும் திரும்பி வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், பெயரை வாசிக்க வைக்காதீர்கள். கார்த்திகையில் ஒருவருக்கு ஆபரேஷன் தேதி குறித்திருக்கிறது, அதற்குள் வேண்டும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்