ஆரஞ்சுக்கு ஐஸ் ஏற்றிய ரயில்

அன்புள்ள கண்ணுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய, கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் ஊரில் எடுத்த பழைய படம் கிடைத்தது. கூட்ஸ் வண்டிக் கூரைமேல் நின்று ஐஸ் பாளத்தை ஏன் தள்ளுகிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

அது பழம் ஏற்றும் குளிர்பெட்டி. யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் என்ற இரண்டு அமெரிக்க ரயில் கம்பெனிகள் சேர்ந்து 1906-ல் தொடங்கிய பசிபிக் ஃப்ரூட் எக்ஸ்பிரஸ் என்ற குளிர்பெட்டிக் கம்பெனிக்கு ரோஸ்வில்லில் பெரிய ஐஸ் ஆலை இருந்தது. பெட்டிக்குள் மெஷின் கிடையாது. இரண்டு கோடியிலும் ஐஸ் அறை, அதற்குக் கூரையில் மூடி. 300 பவுண்டு பாளங்களை உயரமான மேடையிலிருந்து சறுக்கிவிட்டு, உடைத்து உள்ளே போடுவார்கள். இரண்டு அறையும் நிறைய ஏறக்குறைய 5 டன் வேண்டும். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, உருகியதை மறுபடி நிரப்பித்தான் கிழக்கே போய்ச் சேரும். கலிஃபோர்னியா ஆரஞ்சு நியூயார்க் வீடுகளுக்குப் போனது இப்படித்தான்.

ஐஸ் மட்டும் போதாது கண்ணு, காற்று ஓட வேண்டும். குளிர்ந்து கனத்த காற்று ஐஸ் அறையின் அடிவழியாக இறங்கித் தரையோடு பரவும். பழத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலேறி, கூரையடியாக அறைக்கே திரும்பும். அதனால் பழப்பெட்டிகளை நெருக்கி அடுக்கக் கூடாது. வரிசைக்கு வரிசை இடைவெளி விட்டு, அவை நகராமலிருக்கக் குறுக்கே மெல்லிய மரச்சட்டம் அடிப்பார்கள். பிறகு தரையிலும் மரச்சட்டத் தட்டு போட்டார்கள். அடியில் காற்று போக வழி கிடைத்தது. ஐஸுக்குத் தள்ளியிருக்கும் நடுப்பகுதியின் மேல் அடுக்குதான் கடைசியில் குளிரும். கெட்டுப்போயிருக்கிறதா என்று அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும்.

உருகிய தண்ணீர் அடிக்குழாயில் வடியும். குப்பை அடைத்தால் தரை நனைந்துவிடும். இறைச்சிக்கு இன்னும் குளிர் வேண்டுமென்று ஐஸோடு உப்பைக் கலப்பார்கள். அந்த உப்புத்தண்ணீர் சொட்டித் தண்டவாளத்தையும் பாலத்து இரும்பையும் அரித்தது. ஆகவே அதைத் தேக்கிவைத்து, நிறுத்தத்தில் திறந்துவிடும் தொட்டி வந்தது. குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ்: பழம் உறையாமலிருக்க அதே ஐஸ் அறையில் அடுப்பு வைப்பார்கள்.

இவ்வளவு செய்தும் ஆரஞ்சு வழியில் அழுகியது. அமெரிக்க விவசாயத் துறையின் ஜி. ஹெரால்ட் பவல் ஆராய்ந்து காரணத்தைத் தோட்டத்தில் கண்டார். பறிக்கும் கத்தரி முனை தோலைக் குத்தும். நீளமாக விட்ட காம்பு பக்கத்துப் பழத்தைக் கீறும். அந்தக் காயத்தில்தான் நீலப்பூசணம் நுழைகிறது. குளிர் அதை மெதுவாக்கும், அவ்வளவே. ஐஸை விட்டு இறக்கியதும் மறுபடி வேகமெடுக்கும். பறிப்பவர் கையைத் திருத்தியபோதுதான் அழுகல் குறைந்தது. எத்தனை டன் ஐஸ் போட்டாலும் ஈடாகாத வேலை அது. அதனால்தான் பவலை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஐஸ் கட்டணம் தனிக் கதை. குளிர்பெட்டி வைத்திருந்த தனியார் கம்பெனிகள் கேட்ட தொகையைப் பற்றி விவசாயிகள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1906-ல் வந்த ஹெப்பர்ன் சட்டம் அதையும் ரயில் கட்டணங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் கண்காணிப்பில் கொண்டுவந்தது.

சாக்ரமெண்டோ ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகும்போது குளிர்பெட்டி கண்ணில் பட்டால், கூரை மூடியையும் அடியில் வடிகுழாயையும் பார்த்து எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அப்பா