உங்கள் கோர்ஸுக்கு டச் எவ்வளவு?

சேலத்தில் கோடிங் பயிற்சி மையம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள். ஐந்து ரோடு பக்கம் உங்களில் ஒருவர் நடத்தும் ஆறு மாத ‘ஃபுல் ஸ்டாக்’ வகுப்பில் சேர வேண்டும் என்கிறாள். இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தையும் பின்னால் ஓடும் வேலையையும் சேர்த்தே செய்யக் கற்றுத்தருவதாம். போர்டில் 80,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 94,400 என்பது, எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போதுதான் தெரிந்தது.

சீட்டு எடுத்தால் கட்டிவிடலாம். கட்டலாமா என்பதுதான் மூன்று வாரமாக எங்கள் வீட்டுப் பேச்சு.

செவ்வாய்ப்பேட்டையில் எந்தக் கடையில் கொலுசைக் கொண்டுபோய் வைத்தாலும் முதல் கேள்வி, “டச் எவ்வளவு?” என்பதுதான். 70 டச் என்றால் நூறு கிராமில் எழுபது கிராம் வெள்ளி. அதைவிடக் குறைவாகவும் விற்கிறது, கூடுதலாகவும் விற்கிறது, விலை அதற்குத் தக்கபடி. குறைந்த டச் விற்பது குற்றமில்லை. குறைத்துப் போட்டுவிட்டுக் கூட்டிச் சொல்கிறவனுக்குத்தான் மறுபடி ஆர்டர் வராது. நீங்களோ ‘100% வேலை’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். சுத்த வெள்ளியில் கொலுசு செய்தால் போட்ட நாலு நாளில் நெளிந்துபோகும். நூறு என்று யார் சொன்னாலும் எங்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் தங்கை மகன் போன வருடம் வேறொரு மையத்தில் சேர்ந்தான். வகுப்பில் 38 பேர். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி முடிந்து, அதை வைத்துச் செய்யும் ரியாக்ட் பாடம் தொடங்கும்போது பாதிப் பேரைக் காணோம். பாடம் எடுத்தவர் அதற்கு முந்தைய பேட்ச்சில் படித்த பையன். வெளியில் வேலை கிடைக்காததால் மையமே அவனை மாதம் 9,000 ரூபாய்க்கு வைத்துக்கொண்டது. வாசல் ஃபிளெக்ஸில் ‘வேலை பெற்றவர்கள்’ வரிசையில் அவன் படமும் இருந்தது! பொய் என்றும் சொல்ல முடியாது. அதுவும் வேலைதானே.

அதைவிடப் பெரிய வேதனை தவணையில் வந்தது. ‘வட்டியில்லா இ.எம்.ஐ.’ என்று சொல்லி ஒரு செயலியில் ஆதார் எண் போட்டு, வந்த ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கினார்கள். மையத்துக்குத்தான் மாதாமாதம் கட்டுகிறோம் என்று பையன் நினைத்திருந்தான். உண்மையில் ஒரு நிதி நிறுவனம் முழுக் கட்டணத்தையும் மையத்துக்குக் கொடுத்துவிட்டு, இவன் பேரில் கடனாக எழுதிக்கொண்டது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய் மூன்றாம் மாதம் நின்றுவிட்டான். வகுப்பு நின்றது, தவணை நிற்கவில்லை. இப்போது பைக் லோன் கேட்டுப் போனால் சிபில் ஸ்கோரைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை என்று மகள் படித்துச் சொன்னாள். அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு மையம். வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுத்தால் போதும், இது கடனே இல்லை என்றார்களாம். 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம். உள்கணக்கிலோ ஐம்பதை ஒட்டித்தான், சில பேட்ச்சுகளில் முப்பது வரை இறங்கியிருந்தது. அது கடன்தான் என்று சொல்லி, 2024 ஏப்ரலில் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அவர்களைக் கடன் தொழிலிலிருந்தே நிரந்தரமாக விலக்கியது. நம் நாட்டிலும் அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் மையம், வேலை உறுதி என்று பொய்யாக விளம்பரம் செய்யக்கூடாது. மாணவர் படத்தைப் போட அவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். உங்கள் ஃபிளெக்ஸ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அப்புறம் ஏன் உங்களிடம் வருகிறேன்? இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது; ஐ.ஐ.டி.க்காரர்களின் என்.பி.டி.இ.எல். பாடம் இருக்கிறது, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 என்ற கணினிப் பாடம் இருக்கிறது. நானும் மகளிடம் அதைத்தான் சொன்னேன். “இரண்டு மாதம் காசில்லாமல் படித்துக் காட்டு, உட்கார முடிகிறதா பார்ப்போம்.” பட்டறைக்குப் புதிதாக வரும் பையனிடம் முதல் நாளே யாரும் வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டும் வேலையைக் கொடுப்பதில்லை.

உட்கார்ந்தாள். என் பட்டறைக்கே கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் பக்கம் செய்தாள். எடையும் டச்சும் போட்டால் சுத்த வெள்ளி எவ்வளவு என்று காட்டும்: 1,200 கிராம், 70 டச் என்றால் 840. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஆனால் பக்கத்தை மூடித் திறந்தால் போட்ட கணக்கெல்லாம் காணாமல் போயிற்று. மூன்று நாள் முட்டிக்கொண்டாள், சாப்பாடுகூட இறங்கவில்லை. நான்காம் நாள் தங்கை மகன் வந்து பார்த்துவிட்டு, “இதை எங்கேயும் சேமிக்கவே இல்லை மாமா, டேட்டாபேஸ் வேணும்” என்று பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டுப் போனான்.

அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் காசு கொடுக்கத் தயார். வீடியோவுக்கு இல்லை, சான்றிதழுக்கும் இல்லை. முட்டி நிற்கும்போது பக்கத்தில் வந்து உட்காரத் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்கிறாரா, அவர் ஒருவர் எத்தனை மாணவர்களைப் பார்த்துக்கொள்கிறார், அவர் எந்தக் கம்பெனியிலாவது வேலை பார்த்தவரா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

அதோடு ஒரு தாள் வேண்டும். முடிந்துபோன கடைசி இரண்டு பேட்ச்சில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கடைசிவரை இருந்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதத்துக்குள் நிரலெழுதும் வேலைக்கே போனவர்கள் எத்தனை பேர், கையில் வாங்கும் சம்பளம் என்ன என்று எழுதி, உங்கள் முத்திரை வைத்துத் தாருங்கள். நீங்களே வேலைக்கு வைத்துக்கொண்டவர்களைத் தனியாகக் காட்டுங்கள். நாற்பது சதவீதம் என்றிருந்தாலும் முகம் சுளிக்க மாட்டேன். பெங்களூருவில் 18,000 சம்பளம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 11,000 போய்விடும் என்றால், போட்ட காசு திரும்ப எத்தனை மாதம் என்று எனக்கே கணக்குப் போடத் தெரியும். மாதாமாதம் உங்களிடமே நேராகக் கட்டுகிறேன். இடையில் நின்றால் மீதி என்ன ஆகும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மகளோடு வருகிறேன். தாள் தயாராக இருந்தால் முதல் மாதப் பணத்தை அங்கேயே கட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரன் ஒருவன்

பி.கு.: அன்றைக்குப் போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருவேன். ஓ.டி.பி. கேட்காதீர்கள்.